பச்சை போன தூண்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கான்கிரீட்டுக்குப் 'பச்சைக் கான்கிரீட்' என்று பெயர் வைத்தவள் நான் இல்லை. 'கிரீன் கான்கிரீட்' என்று அந்த இன்ஜினியர் பெண்தான் சொன்னாள். அது என்ன என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள். நான் தமிழில் சொன்னேன். கிரீன் என்றால் பச்சை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் மொத்தம் முப்பத்திரண்டு வீடுகள். எங்கள் மாடி பால்கனியில் நின்றால் பத்தொன்பது வீட்டு வாசல் தெரியும். மீதிப் பதின்மூன்றுக்காக நான் தினமும் சாயங்காலம் வாக்கிங் போகிறேன். டாக்டர் சொன்னது சர்க்கரைக்காக என்றுதான். ஒரே நடையில் இரண்டு பலன்.

எதிர் மனை துளசிங்கத்துடையது. இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் தங்கள் வயல் என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாருக்காவது ஞாபகப்படுத்துவார். மனையை அவர் விற்று, நாங்கள் வாங்கி, பத்திரம் பதிந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவர் அதைச் சொல்லும்போது நாமெல்லாம் அவர் வயலில் நடவுக்கு வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டோமோ என்று தோன்றும். குடியிருக்கும் பழைய வீடு போக, விற்காமல் மிச்சம் வைத்திருந்த அந்த ஒரு மனையில் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் கட்டப் போகிறேன் என்றார். கட்டட்டும். அதற்கு எதற்குப் பச்சை?

காரணம் மேடவாக்கத்தில் இருந்தது. துளசிங்கத்தின் மனைவி தையல்நாயகியின் தங்கையைக் கட்டியவர் தினகரன். அதாவது சகலை. தினகரனின் மகன் அங்கே அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு இவர்கள் போய் வந்தார்கள். மறுநாள் காய்கறி வண்டியில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே தையல்நாயகி சொன்னாள்:

"வாசல்லயே ஒரு பித்தளைத் தகடு அடிச்சு வெச்சிருக்காங்க காந்திமதி. 'கிரீன் பில்டிங்'காம். எங்க வூட்டுக்காரரு அதையே பாத்துக்கினு நின்னாரு. பாயசம்கூட ரெண்டாந்தரம் கேக்கல."

"பாயசம் கேக்கலயா?"

"கேக்கலங்கறேன்!"

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கிரீன் பில்டிங்கின் வாசலில் காலையில் தண்ணீர் லாரி எட்டு வரிசையில் நிற்கும் என்பது வேறு விஷயம். லாரிக்குத் தகடு கிடையாது. சுவருக்குத்தான் தகடு.

எங்கள் பக்கத்தில் இன்ஜினியருக்குப் பஞ்சமில்லை. எலியேசர் சார், ரிட்டயரான கணக்கு வாத்தியார், பின் தெரு. அவர் மகள் பிளஸ்ஸி ஐந்து வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் கான்கிரீட் கலவைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். ஜனவரியில் அதை விட்டுவிட்டு, அப்பா வீட்டுச் சுவரில் 'எ. பிளஸ்ஸி, கட்டடப் பொறியாளர்' என்று பலகை மாட்டினாள். அவள் அம்மா அமலராணி என்னிடம் மட்டும் சொன்னது: "ஒரு வருஷம் பார்ப்போம்னு அப்பா டயம் கொடுத்திருக்கார். இல்லேன்னா பழைய கம்பெனி கூப்பிடுது, ஒடிசாவுல போஸ்டிங்." என்னிடம் மட்டும் சொன்னதால் நான் ஏழெட்டுப் பேருக்கு மேல் சொல்லவில்லை.

ஜனவரி போய் மே வந்தும் பலகைக்கு ஒருவரும் வரவில்லை. சிட்லபாக்கத்தில் ஒருவரும், சர்ச்சுக்குப் பின்னால் ஒருவரும் "பார்க்கலாம்" என்றார்கள். துளசிங்கம்தான் முதலில் ஒப்புக்கொண்டார். உடனே அந்த இருவரும், "துளசிங்கம் வீடு எழும்பட்டும், அப்புறம் பேசலாம்" என்றார்கள். ஆகமொத்தம் அந்தப் பெண் இந்த ஊரில் இருப்பதா ஒடிசாவில் இருப்பதா என்பது எதிர் மனையில் எழும்பப் போகும் பன்னிரண்டு தூண்களில் வந்து நின்றது.

அவள் கலவையைப் பற்றி விளக்கிய அன்று நான் தற்செயலாக அங்கே இருந்தேன். கருவேப்பிலை கேட்கப் போயிருந்தேன். மனையில் கருவேப்பிலை மரம் வெட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. அது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

"சிமெண்ட்டுன்னா என்ன அங்கிள்? சுண்ணாம்புக் கல்லை சூளையில போட்டு எரிக்கிறது. எரிக்கிற நிலக்கரிப் புகை ஒரு பக்கம். அந்தக் கல்லுக்குள்ளேயே அடைஞ்சிருக்கற கரியமில வாயு இன்னொரு பக்கம். சுத்தமான சிமெண்ட் ஒரு மூட்டை செஞ்சா, முக்கால் மூட்டை எடைக்கு வாயு மேல போகுது."

"மேலதானே போகுது?" என்றார் துளசிங்கம்.

அவள் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "இரும்பு உருக்கற ஆலையில கசடு மிச்சமாகுது. அதை நைஸா அரைச்சு, சிமெண்ட்டுல பாதிக்கு மேல அதைக் கலந்துட்டா, அவ்வளவு கல்லை எரிக்க வேண்டியதில்ல. கான்கிரீட்டும் நெருக்கமா இருக்கும். தண்ணி இறங்காது. கம்பி சீக்கிரம் துருப் பிடிக்காது."

"கசடா? என் வூட்டுக்கு ஆலைக் கசடா?"

"கிரீன் கான்கிரீட் அங்கிள்!"

அந்த வார்த்தை விழுந்ததும் துளசிங்கத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கேட்க மறந்த பாயசம் திரும்பி வந்த முகம்.

"கிரீனா? அப்ப தகடு குடுப்பாங்களா?"

"தகடு... அதுக்கெல்லாம் வேற நடைமுறை அங்கிள். அப்ளை பண்ணணும், நிறைய..."

"வேணாம் வுடு. தகடு நாமளே அடிச்சுக்கலாம்."

மேஸ்திரி உதயா தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை அவன் ஊற்றாத தூண் இல்லை என்பான். அவனுக்கு ஒரு வார்த்தை இடித்தது.

"இன்னாம்மா, பச்ச கான்கிரீட்டா? எங்க பாஷைல பச்சன்னா காயலன்னு அர்த்தம். பச்சையா கீற தூணு மேல எவன் வூடு கட்டுவான்? பச்ச போனாத்தாம்மா அது கான்கிரீட்டு."

"அந்தப் பச்சை இல்லண்ணா இது. ஆனா நீங்க சொல்றதுல ஒண்ணு சரி. இது மெதுவாத்தான் இறுகும். பலகையை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. சாக்கு சுத்தி, ஈரம் காயாமப் பாத்துக்கணும்."

"எனக்குப் பொறுமை கீது. மொதலாளிக்குக் கீதான்னு கேளு."

ஆக, அன்றைக்கு அந்த மனையில் மூன்று பச்சை இருந்தது. பிளஸ்ஸிக்கு அது புகை குறைந்த பச்சை. உதயாவுக்கு அது காயாத பச்சை. துளசிங்கம் வீட்டுக்குப் போகிற வழியில் என்னைக் கேட்டார்: "கிரீன்னா கலருதானே காந்திமதி?" நான் இங்கிலீஷ் மீடியம் படித்தவள். "ஆமாம்ணே, பச்சைக் கலர்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஒரு வாரத்தில் மனை வாசலில் ஃப்ளெக்ஸ் எழும்பியது. பின்னால் காடு, அருவி, இரண்டு மான். முன்னால் கைகூப்பிய துளசிங்கம். 'அஸ்தினாபுரத்தின் முதல் பச்சை வீடு.' 'பசுமை வீடு' என்று போடச் சொல்லிப் பிளஸ்ஸி கெஞ்சினாள். "பசுமைன்னா பால் பூத்து பேரு மாரி கீதும்மா" என்று சொல்லிவிட்டார். அந்த ஃப்ளெக்ஸைக் கட்டுவதற்காக வாசலில் இருந்த வேப்பமரத்தில் ஒரு கிளையை வெட்ட வேண்டியிருந்தது.

தூண்களை ஊற்றினார்கள். மற்ற இடங்களில் மறுநாளே பலகையைப் பிரிப்பார்கள். பிளஸ்ஸி ஐந்தாம் நாள் வரை தொடவிடவில்லை. தினமும் காலையில் வந்து பலகையைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். தெருவில் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, பெண் பயந்து போயிருக்கிறாள் என்றார்கள். இரண்டில் ஒருவர் நான்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு முதல் பலகை பிரிந்தது.

பால்கனியில் என் கையில் இருந்த காபி ஆறிப்போனது. தூண் சாம்பல் நிறத்தில் இல்லை. நீலமும் பச்சையும் குழைந்த நிறம். பல மாதம் தேய்க்காத செம்புக் குடத்தில் களிம்பு ஏறியிருக்குமே, அந்த நிறம். ஒன்று, இரண்டு, பன்னிரண்டு தூணும் அப்படியே.

உதயா இரண்டடி பின்வாங்கினான். "இன்னாம்மா இது, கொளத்துப் படிக்கட்டு மாரி பாசி புடிச்சிக்கீது!"

பிளஸ்ஸிக்கு ஒரே சிரிப்பு. "பயப்படாதீங்கண்ணா. கசடுல இருக்கற கந்தகத்தால வர்ற நிறம். காத்துப் பட்டா ஒரு வாரம், பத்து நாள்ல தானா போயிடும். நல்லா இறுகியிருக்குன்னு அர்த்தம்."

தெளிவாகச் சொன்னாள். எனக்குப் பால்கனி வரை கேட்டது. துளசிங்கத்துக்குக் கேட்கவில்லை. அவர் அப்போது தூணைக் கட்டிப்பிடித்தபடி சகலைக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா சகல? தகடு அடிச்சா கிரீனா? இது உள்ளருந்தே பச்ச! பொறப்புலயே பச்ச!"

'ஒரு வாரத்தில் போய்விடுமாம்' என்று நான் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். மனிதர் சந்தோஷமாக இருக்கும்போது அதைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு எதற்கு?

அந்த வாரம் முழுக்கத் தெருவில் திருவிழா. சனிக்கிழமை திருநீர்மலைக்குப் பெருமாளைப் பார்க்கப் போனவர்கள், திரும்பும் வழியில் காரை நிறுத்தித் தூணையும் பார்த்துவிட்டுப் போனார்கள். துளசிங்கம் ஈரச் சாக்கை ஓரமாக விலக்கி, மூலவர் தரிசனம் மாதிரி ஒரு சாண் அகலத்துக்குக் காட்டுவார். "தொடாதீங்க, தொடாதீங்க" என்பார். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு தினகரன் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். மேடவாக்கத்து அசோசியேஷனில் அவர்தான் செயலாளர். கூட இரண்டு பேரை அழைத்து வருவாராம்.

தண்ணீர் காட்டும் நாள் முடிந்து சாக்கை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை தூண் கொஞ்சம் வெளிறியது. வியாழக்கிழமை பச்சை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு தூணும் விபூதி பூசியது போல நின்றன. பரம வைணவரான துளசிங்கத்துக்கு அது இரட்டை அடி.

"இன்னாம்மா இது? சாயம் போயிடுச்சு!"

"சாயம் இல்ல அங்கிள். அன்னிக்கே சொன்னேனே. காத்துப் பட்டா மேல்தோல் மாறிடும். உள்ள அப்படியேதான் இருக்கும்."

"உள்ள இருந்து எனக்கு இன்னா? சகல உள்ள பூந்து பாப்பானா?"

"அங்கிள், இது கலருக்காகச் செஞ்சது இல்ல. சூளையில எரிக்கிற கல்லைக் குறைக்கிறதுக்காக..."

"கல்லு எங்கியோ எரியட்டும். என் மானம் இங்க எரியுது!" ஃப்ளெக்ஸைக் காட்டினார். மான் இரண்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "ஞாயித்துக்கெழம சகல வரான். அதுக்குள்ள தூணு பச்சையா இருக்கணும். இல்லன்னா திங்கக்கெழம வேற இன்ஜினியரு. இந்தத் தூணுங்கள இடிச்சிட்டு ஒரிஜினல் பச்ச போடறவன் எவனாச்சும் இருப்பான்."

பிளஸ்ஸி போய் மணல் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு தூணை இடித்தால் அந்தப் புழுதி சிட்லபாக்கம் வரை தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

உதயா டீ வாங்கி வந்து கொடுத்தான். குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தின குரல் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும்தான் வரும்.

"இதுக்குப் போயி பேஜாராவாதம்மா. ரெண்டு கிலோ பச்ச ஆக்ஸைடு. சிமெண்ட்டுத் தரைக்குப் போடுவாங்களே, அந்தப் பவுடரு. ஒரு பக்கெட்டு தண்ணில கரைச்சு நானு பூசிட்றேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் நிக்கும். அப்பால பூச்சு வேலை வந்து மூடிடப் போவுது."

அவள் டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

"அடுத்த வீட்டுக்கும் ஆக்ஸைடு வாங்கணும்ணா. அதுக்கடுத்த வீட்டுக்கும். வேணாம்."

"அப்ப ஒடிசாதான் போவியா?"

"போறேன்."

சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பின்னால் துளசிங்கம் போன் பேசுகிற மாதிரி நின்றிருந்தார். போன் அவர் காதில் தலைகீழாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு எறும்புகூட வெளியே வராத வெயில். நான் காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். எதிரே துளசிங்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெள்ளையடிக்கும் மட்டையோடு முன்வரிசைத் தூணுக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தார். பக்கெட், குளியலறை மக்கு, எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. உயரம் எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினார். நாலு தூணை முடித்துவிட்டு மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தார்.

நேராக என்னைப் பார்த்தார். நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன். ஒரு போர்வையை ஒரு ஆள் தனியாக அத்தனை நேரம் மடிக்க முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியமாக. எங்கள் வீட்டு போர்வெல் மார்ச்சிலேயே வறண்டுவிட்டது. துளசிங்கம் வீட்டு மோட்டாரிலிருந்து வரும் ஒரு நீளமான பச்சைக் குழாய் எங்கள் தொட்டியில்தான் முடிகிறது. அந்தப் பச்சையும் முக்கியம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குத் தினகரன் காரிலிருந்து இறங்கினார். கூடவே அசோசியேஷன்காரர்கள் இருவர். தெருவே எதிர் மனையில் இருந்தது. நான் போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று நானும் போனேன். பிளஸ்ஸி ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். கணக்கை முடித்துக்கொண்டு போக வந்தவள் மாதிரி இருந்தது. முன்வரிசைத் தூண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மெதுவாக உதயாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா மேல சத்தியமா நானில்லம்மா" என்றான் உதயா.

துளசிங்கம் வேட்டி பளபளக்க முன்னால் வந்தார். கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார். "வா சகல! நல்லா பாரு. எட்டருந்து பாரு."

தினகரன் எட்ட நின்று பார்க்கிற ஆள் இல்லை. கிட்டே போய்க் கார் சாவியால் ஒரு கோடு கிழித்தார். பச்சைப் பொடி உதிர்ந்தது. ஆள்காட்டி விரலால் தொட்டு, அந்த விரலை எல்லோருக்கும் காட்டினார்.

"என்னா சகல, ஹோலிப் பண்டிகையா? உள்ள பாரு, சாம்பல். எங்க அப்பார்ட்மென்ட் தகடாவது பித்தளை. இது பச்சைப் பொய்!"

அசோசியேஷன்காரர்கள் நாகரிகமாகச் சிரித்தார்கள். தெரு நாகரிகம் பார்க்கவில்லை.

துளசிங்கத்தின் காது சிவந்தது. பிறகு கண் பிளஸ்ஸியின் மேல் போய் நின்றது.

"இன்னாம்மா இது? எலியேசர் சார் பொண்ணாச்சேன்னு நம்புனேன்! சாயத்தப் பூசி ஏமாத்திட்டியே! எல்லாத்தியும் நாளைக்கே இடிக்கிறேன். எடத்தக் காலி பண்ணு!"

அங்கே உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி நான். முப்பத்திரண்டு வீட்டு விஷயத்தையும் கேட்காமலே சொல்கிற வாய் இது. அன்று எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. தொட்டித் தண்ணீராக இருக்கலாம்.

பிளஸ்ஸி, "நான் பூசல" என்றுகூடச் சொல்லவில்லை. ஃபைலை மூட்டைமேல் வைத்தாள்.

"உதயாண்ணா, உளியும் சுத்தியும் கொண்டாங்க."

"இன்னாம்மா பண்ணப் போற?"

"பூச்சு பிடிக்கறதுக்கு எப்படியும் தூணைக் கொத்தித்தானே ஆகணும். இன்னிக்கே ஒரு இடம் கொத்திடலாம்."

தினகரன் சாவியால் கிழித்த அதே இடத்தில் உளியை வைத்து அடித்தாள். உளி வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு அடி. சின்னதாக ஒரு பொறி பறந்தது. உதயா வாங்கி நாலு போடு போட்டான். அவன் தோள் குலுங்கியதே தவிர, தூண் குலுங்கவில்லை.

"அய்ய! இன்னாம்மா இது, கருங்கல்லு கணக்கா கீது!"

அவன் குரலில் முதல்முறையாக மரியாதை இருந்தது. ஆறாவது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. மேலே துளசிங்கத்தின் பொடிப் பச்சை. அதற்கடியில் தோல் போல மெல்லிய சாம்பல். அதற்கும் அடியில், விரல்கடை ஆழத்தில், பலகை பிரிந்த அன்று காலை ஏழு மணிக்கு என் காபியை ஆறவைத்த அதே நீலப்பச்சை, ஈரமாக மினுக்கிக்கொண்டு நின்றது.

தினகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, சாவியால் சுரண்டினார். பொடி உதிரவில்லை. சாவி முனைதான் தேய்ந்தது.

"இது பூசினது இல்ல சகல" என்றார் மெதுவாக.

"அப்ப மேல பூசினது யாரு?" என்றான் உதயா. அவன்மேல் பழி வரக்கூடாதே.

நான் வாயே திறக்கவில்லை. துளசிங்கம் பதற்றத்தில் கையை முன்னால் கொண்டுவந்திருந்தார். நான் அவர் நகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். இந்தத் தெருவில் நான் ஒன்றைப் பார்த்தால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். அது அவர்கள் பழக்கம். பத்து நகமும் பச்சை.

"ஐயய்ய!" என்றாள் தையல்நாயகி. "அதான் நேத்து பாத்ரூம் மக்கு பச்சையா இருந்துச்சா? நான் பாசின்னு நெனச்சு அரை மணி நேரம் தேச்சேனே!"

துளசிங்கம் கைகளைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"திருஷ்டி. அம்மாம் பேரு வந்து பாக்கறாங்க. கண்ணு பட்டுடக் கூடாதுன்னு மேலாக்க ஒரு கோட்டு அடிச்சேன். தப்பா?"

"திருஷ்டிக்குப் பூசணிக்கா கட்டலாம் அங்கிள்" என்றாள் பிளஸ்ஸி.

"கட்டு, கட்டு. யாரு வேணாம்னா?" என்றவர், சகலை பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, உள்ளருந்தே பச்சன்னு. எங்க இன்ஜினியரம்மா சாதாரண ஆளு இல்ல."

அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. 'எங்க இன்ஜினியரம்மா' என்பதைத்தான் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் உளியைத் துடைத்து உதயாவிடம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். பெருந்தன்மைக்காரி. நானாக இருந்தால் அந்த மக்கைக் கொண்டுவரச் சொல்லியிருப்பேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கொத்திய இடம் புதன்கிழமை வெளிறிப் போனது. வியாழக்கிழமை துளசிங்கத்தின் மாமன் மகன் பார்க்க வந்தார். புதிதாக ஒரு இடம் கொத்தச் சொன்னார் துளசிங்கம். சனிக்கிழமை மீண்டும் ஒன்று. வருகிறவர்களுக்கெல்லாம் பச்சையைக் காட்டிக் காட்டியே தூணைத் தின்றுவிடுவார் என்று தெரிந்ததும், பிளஸ்ஸி கொத்திய இடங்களை அடைத்து, உதயாவை விரட்டி நாலே நாளில் தூண்களின் பூச்சு வேலையை முடித்தாள். அவர் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து, சோதனைக்காக அதே கலவையில் வார்த்து மீந்திருந்த மூன்று கான்கிரீட் கட்டிகளை ஒரு டப்பில் தண்ணீர் ஊற்றிப் போட்டுக் கொடுத்தாள். "காத்துப் படாம இருந்தா பச்சை போகாது அங்கிள். உடைச்சுக் காட்டுங்க."

கிரகப்பிரவேசத்தன்று உடைக்க முயன்றார். விருந்தினர்கள் சுற்றி நிற்க, பட்டு வேட்டியோடு கால் மணி நேரம் சம்மட்டியால் அடித்தார். கட்டி உடையவில்லை. ஐயர், "நேரம் ஆறது" என்றார். தினகரன் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும் சகல. பச்சைன்னு நம்பறேன். வுட்டுரு." மறுநாளிலிருந்து துளசிங்கம் பச்சையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். இப்போதெல்லாம், "சம்மட்டிக்கே அசையாது, தெரியுமில்ல?" என்கிறார். வீட்டுக்கு வெளிச்சுவரில் அடித்திருக்கும் வண்ணம் மட்டும் கிளிப்பச்சை. இரவில்கூடத் தெரியும்.

எலியேசர் சார் வீட்டுப் பலகை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஒடிசா பேச்சே இல்லை. சிட்லபாக்கத்துக்காரரும் சர்ச்சுக்குப் பின்னால் இருப்பவரும் அடுத்தடுத்த வாரம் வந்து ஒப்புக்கொண்டு போனார்கள். பிளஸ்ஸியும் பாடம் கற்றுக்கொண்டுவிட்டாள். 'கிரீன்' என்ற வார்த்தையே அவள் வாயில் வருவதில்லை. 'லோ கார்பன் கான்கிரீட்' என்றுதான் சொல்கிறாள்.

போன வாரம் வாக்கிங்கில் சிட்லபாக்கத்துக்காரர் என்னை நிறுத்தி, அப்படி என்றால் என்ன என்று கேட்டார். கேட்டவருக்குச் சொல்லாமல் வருவது மரியாதையா? கார்பன் என்றால் கரி. லோ என்றால் குறைவு. கரி குறைந்தால் வெளுப்பாகத்தானே இருக்கும்? மனிதர் இப்போது வெள்ளைவெளேர் தூணுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். ஃப்ளெக்ஸுக்கும் சொல்லிவிட்டாராம், பின்னால் பனிமலை வருகிறது.

கார்பன் என்றால் கரிதான். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?